பழைய சுவரில் புதுத் தரையைத் தாங்க வைப்பது: வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பாதி வீடுகளுக்குப் பின்னால் குசினியை, அதாவது சமையலறையை, நீட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அந்தக் குசினிக்கு மேலே ஓர் அறை எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாடி வீட்டின் பின்சுவரிலிருந்து 10 அடி வெளியே, 14 அடி அகலத்தில் ஓர் அறை. தரை மரத்தில்.

அறை முடிந்து நான்காவது மாதம் கதவு இடிக்க ஆரம்பித்தது. பழைய சுவர் ஓரமாகத் தரை ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. கீழே குசினி சீலிங்கைப் பிரித்துப் பார்த்தால், தரையின் ஒரு பக்கப் பாரம் முழுவதையும் தாங்கிய போல்ட்டில் ஒன்று, ஸ்பானரைப் போட்டதும் சுவருக்குள்ளேயே சும்மா சுற்றியது. இறுகவே இல்லை. வெளியே இழுத்தபோது செங்கல் தூள் கையில் கொட்டியது. அதைச் சரிசெய்ய 4,600 வெள்ளியும் (ரிங்கிட்) இரண்டு மாதமும் போயின. இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தரைப் பலகையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை இங்கே தச்சர்கள் கெலெகார் என்பார்கள். பழைய சுவரை ஒட்டிப் படுக்க வைத்து போல்ட் போடும் நீளமான கட்டையை நான் சுவர்க்கட்டை என்று சொல்கிறேன். கெலெகாரின் ஒரு முனை இந்தச் சுவர்க்கட்டையில் நிற்கும். மறுமுனை வெளியே புதிதாகக் கட்டும் பீமில் நிற்கும். கீழே வருவதெல்லாம் இந்த அமைப்பைப் பற்றித்தான்.

1. வீடு யார் பேரில், சுவர் யாருடையது

தோட்டத்து (எஸ்டேட்) வீட்டில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்த வீடு உங்கள் பேரில் இல்லை. வாய்மொழியாக "செய்துக்கோ" என்று சொன்னவர் மாற்றலாகிப் போய்விடலாம்.

தாமான் வீடு என்றால் கிரான் (நிலப் பட்டா) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வங்கிக் கடன் ஓடினால் கிரான் வங்கியில் இருக்கும். வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும். வீட்டுக் காப்புறுதிக்கும் அப்படியே.

அடுத்தது சுவர். வரிசை வீட்டில் இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு. அந்தச் சுவரில் கெலெகாரைச் சொருகாதீர்கள், போல்ட்டும் போடாதீர்கள். கட்டைகளைப் பின்சுவரிலிருந்து வெளிப்பக்கமாக ஓட விட்டால் பங்குச் சுவரைத் தொடவே வேண்டியதில்லை. சில கொந்திராக்டர்கள் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டினால் பீம் செலவு மிச்சம் என்பார்கள். அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டால், பின்னால் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களையும் அவர்கள் முன்னிலையில் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். செலவே இல்லாத வேலை. எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) பின்னால் ஒரு விரிசலைக் காட்டியபோது, அந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்ததும் பேச்சு அங்கேயே முடிந்தது.

2. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நான் தவறவிட்டது இந்தப் படிதான். இங்குள்ள தாமான் வீடுகள் பெரும்பாலும் கொங்கிரிட் தூணும் பீமும் நிற்க, இடையில் நாலரை அங்குலச் செங்கல் அடைத்துக் கட்டியவை. வீட்டைத் தாங்குவது கொங்கிரிட். செங்கல் வெறும் மறைப்பு. மேலே சிமெண்டுப் பூச்சும் சாயமும் ஏறிவிட்டால் இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும்.

தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். 6 மி.மீ. டிரில் பிட்டில், சுவர்க்கட்டை வரப்போகும் கோட்டில் நாலைந்து இடத்தில் சோதனை ஓட்டை போடுங்கள். உள்ளங்கையை ஓட்டைக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் வரை வருவது பூச்சு, அது கணக்கில்லை. அதற்கு அப்புறம் சிவப்புத் தூள் சுலபமாகக் கொட்டினால் செங்கல். மஞ்சளும் சாம்பலுமாக மணல் போல உதிர்ந்தால் சிமெண்டு மணல் கல். டிரில் கத்திக்கொண்டு மெதுவாகப் போய், மாவு போன்ற சாம்பல் தூள் வந்தால் கொங்கிரிட். நடுவில் இரும்பில் முட்டி நின்றால் அது பீமின் கம்பி. அதை அறுக்காமல் ஓட்டையை நகர்த்துங்கள்.

என் வீட்டில் மாடித் தரை மட்டத்தில் 18 அங்குல உயரமுள்ள நல்ல பீம் ஒன்று இருந்தது. ஆனால் சுவர்க்கட்டை அதில் உட்காரவில்லை. புது அறைக்கு மேலே பழைய கூரையின் சாய்வு இறங்கி வந்ததால் உள்ளே உயரம் போதவில்லை. கட்டட விதிப்படி படுக்கையறைக்கு 2.5 மீட்டர் உயரம் வேண்டும். கூரையை உயர்த்தினால் செலவு என்று கொந்திராக்டர் தரையை ஒன்றரை அடி இறக்கிவிட்டார். சுவர்க்கட்டையும் பீமுக்குக் கீழே செங்கலுக்குப் போய்விட்டது. "அண்ணே, போல்ட் நல்லா இறுகுது, பாருங்க" என்று காட்டினார். அன்றைக்கு இறுகத்தான் செய்தது. பின்னால் வந்து பார்த்த பொறியியலாளர் ஓட்டைக்குள் விரலை விட்டுவிட்டுச் சொன்னது ஒரே வரி: "இனி பத்தா, புக்கான் கொங்கிரிட்." இது செங்கல், கொங்கிரிட் இல்லை என்று அர்த்தம்.

ஆகவே தரை மட்டத்தை முடிவு செய்ய வேண்டியது பீம். கூரை இடித்தால் கூரையை உயர்த்துங்கள். அல்லது கீழே குசினியின் உயரம் விதி கேட்கும் 2.25 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், பீமின் முகத்துக்குள்ளேயே ஒரு படி இறங்கலாம். எப்படி வைத்தாலும் போல்ட்டுகள் பீமின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் மூன்று அங்குலமாவது உள்ளே விழ வேண்டும். விளிம்பு ஓரத்தில் போட்டால் கொங்கிரிட்டே பெயர்ந்து வரும்.

அந்த மட்டத்தில் பீமே இல்லையா? அப்படியானால் பழைய சுவரில் எதையும் தொங்கவிடாதீர்கள். சுவரை ஒட்டிப் புதுத் தூண் இரண்டும் பீம் ஒன்றும் போட்டு, தரையைத் தன் காலில் நிற்க விடுங்கள். சுவருக்கும் தரைக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டு, ரப்பர் போல நெகிழும் சீலண்ட்டால் அடைக்கலாம். செலவு கூடும், தூக்கம் கெடாது.

3. அனுமதியும் தாள்களும்

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடத்தில் இப்படி எதையும் கூட்டிக் கட்டக் கூடாது. சுங்கை சிப்புட் வீடுகளுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். உங்கள் ஊருக்கு எது என்பது சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில்லில் இருக்கும்.

பொதுவாகக் கேட்பவை: அடையாள அட்டை நகல், கிரான் நகல், அந்த ஆண்டின் சுக்காய் தானா (நில வரி), சுக்காய் பிந்து ரசீதுகள், பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதக் கடிதம், கையெழுத்தான பிளான். சுக்காய் பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள். ரசீது இல்லாமல் கவுண்டரில் ஃபைலை எடுக்க மாட்டார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு குசினி நீட்ட பிளான் வரைபவர் போதும் என்று சொல்வார்கள். அது மேல்தளத்துக்குப் பொருந்தாது. பதிவு பெற்ற பொறியியலாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவர் வெறும் கையெழுத்துக்கு வருகிறாரா, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்க்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். எனக்கு முதல் தடவை பிளானும் கையெழுத்தும் 3,200 வெள்ளி. வந்து பார்ப்பது அதில் சேரவில்லை. 400 வெள்ளி கூடக் கொடுத்து, கட்டும்போது இரண்டு தடவை வரச் சொல்லியிருந்தால் போதும்.

கொந்திராக்டர் சி.ஐ.டி.பி.யில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு செய்தவரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஆகச் சிறிய பிரிவு ஜி1. இந்த வேலைக்கு அது தாராளம்.

எனக்கு அனுமதி வர ஏழு வாரம். தீபாவளிக்குள் அறை வேண்டும் என்றால் அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே தாளைக் கொடுங்கள். அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் நல்ல மழை. பழைய கூரையைப் பிரித்து வைத்திருக்கும் நேரத்தில் அதில் மாட்டக்கூடாது. சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மரக்கடையும் வேலையாட்களும் ஒன்று இரண்டு வாரம் கிடைக்க மாட்டார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. புதுப் பக்கம் இறங்கினால்

தரையின் ஒரு முனை பழைய வீட்டில், மறுமுனை புதுத் தூணில். பழைய வீடு பைலிங் போட்டு (மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்கி) கட்டியது, புதுத் தூண் மண்ணைக் கொட்டி நிரப்பிய இடத்தில் மூன்றடி குழிக்குள் நிற்கிறது என்றால், இரண்டும் ஒரே மாதிரி இறங்காது. பழைய வீடும் புதுக் குசினியும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடும் வீடுகளை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். காரணம் இதுதான்.

மெக்கிந்தோஷ் சோதனை என்று ஒன்று உண்டு. மெல்லிய கம்பியை அடித்து இறக்கி, மண் எந்த ஆழத்தில் கெட்டியாகிறது என்று எண்ணுவார்கள். அரை நாள் வேலை. அதைச் செய்யச் சொல்லிவிட்டு, குழி எவ்வளவு ஆழம், பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டை அடிக்க வேண்டுமா என்பதைப் பொறியியலாளரிடம் விடுங்கள். ஏற்கெனவே நிற்கும் குசினித் தூணின் மேலேயே மாடியை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், அந்தத் தூணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

5. மரம்

ரப்பர் மரம் வேண்டாம். சுற்றிலும் கிடைக்கிறது, மேசை நாற்காலிக்கு நல்ல மரம். ஆனால் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும், தரையைத் தாங்க வைக்க ஏற்றதல்ல. எனக்குச் சொல்லப்பட்டது மருந்தேற்றிய கெம்பாஸ் மரம். செங்கால் கிடைத்தால் இன்னும் நல்லது, விலைதான் எட்டாது.

கட்டையின் உயரத்துக்குத் தச்சர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 16 அங்குலத்துக்கு ஒரு கட்டை என்றால், தாண்டும் தூரத்தை அடியில் எடுத்துப் பாதியாக்கி இரண்டைக் கூட்டு. 10 அடிக்கு ஏழு அங்குலம். ஏழில் கட்டை வராது, ஆகவே எட்டு. பொறியியலாளர் கணக்கும் 2க்கு 8 (இரண்டு அங்குலத் தடிப்பு, எட்டு அங்குல உயரம்) என்றே வந்தது. கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், யாராவது 2க்கு 5 போதும் என்றால் உடனே தெரியும். முடிவான அளவு மட்டும் பிளானில் உள்ளதாக இருக்கட்டும்.

14 அடி அகலத்துக்கு 16 அங்குலத்துக்கு ஒன்று வீதம் 12 கட்டை. மரக்கடையில் டன் கணக்கு சொல்வார்கள். ஒரு டன் என்பது 50 கன அடி. 2க்கு 8, 12 அடிக் கட்டை ஒன்று 1.33 கன அடி, 12 கட்டை 16 கன அடி, அதாவது மூன்றில் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் பில் சரியா என்று நின்ற இடத்தில் பார்க்கலாம். லோரிக் கூலி தனி.

மருந்தேற்றிய மரத்தை அறுத்தால் அறுத்த முனையில் மருந்து ஏறாத உள்மரம் தெரியும். கரையான் அங்கேதான் நுழையும். ஒரு டின் மருந்து வாங்கி வைத்து, அறுக்கும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கை பூசச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நடக்கும்.

6. சுவர்க்கட்டையைப் பொருத்துவது

முதலில் பாரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுத் தரைக்குக் கட்டட விதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 150 கிலோ. தரையின் சொந்த எடை ஏறக்குறைய 50. என் அறை 13 சதுர மீட்டர். மொத்தம் 2,600 கிலோ, அதில் பாதி, 1,300 கிலோ, பழைய சுவரில். ஒரு சின்ன காரைச் சுவரில் தொங்க விடுவது போல. 16 அங்குலத்துக்கு ஒன்று வீதம் 11 போல்ட் போட்டால் ஒன்றுக்கு 120 கிலோ அளவில் வரும். நல்ல கொங்கிரிட்டில் இது பெரிய பாரமே இல்லை. உதிரும் செங்கலில், அதுவும் வருடக்கணக்கில், பெரிய பாரம்.

பூச்சைச் சுரண்டி எடுங்கள். கட்டை உட்காரும் இடம் முழுவதும் கொங்கிரிட் தெரிய வேண்டும். பூச்சின் மேலேயே கட்டையை வைத்து இறுக்கினால் பூச்சு நொறுங்கி, கட்டை சுவரை விட்டு விலகி, போல்ட் வளையும். நேரம் மிச்சமாகும் என்று வேலையாட்கள் தாண்டிப் போக விரும்பும் இடம் இது.

கோடு போட லேசர் இல்லையென்றால் தெளிவான டியூபில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், 14 அடிக்கு அதுவே சரியாகக் காட்டும். கட்டைக்கும் சுவருக்கும் இடையில் தார்ப்பட்டை ஒன்று வையுங்கள், சுவரின் ஈரம் மரத்துக்கு ஏறாது.

போல்ட்டுகள் ஒரே கோட்டில் வேண்டாம். ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி, கட்டையின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே. ஒரே கோட்டில் போட்டால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

விரிந்து பிடிக்கும் போல்ட்டைவிட, ஓட்டைக்குள் பசையால் ஒட்டிப் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் நல்லது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 14 மி.மீ. ஓட்டை, கொங்கிரிட்டில் 110 மி.மீ. ஆழம். ஓட்டையை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். தூள் உள்ளே இருந்தால் பசை தூளைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. டியூபில் காலாவதி தேதி இருக்கும், பாருங்கள். வெயிலில் காருக்குள் கிடந்த டியூபைப் பயன்படுத்தாதீர்கள். முதலில் வரும் பசை இரண்டு நிறமாக வரும், ஒரே நிறமாகும் வரை வெளியே தள்ளிவிடுங்கள். எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது டியூபிலேயே அட்டவணையாக இருக்கிறது. அதுவரை யாரும் நட்டைத் தொடக்கூடாது. நட்டுக்குக் கீழே சின்ன வட்ட வாஷர் போதாது, இரண்டு அங்குலச் சதுரத் தகடு கேளுங்கள்.

ஆங்கர் போட்ட மறுநாள், கட்டை ஏறும் முன் பொறியியலாளரை வரச் சொல்லுங்கள். அவர் வர வேண்டிய முக்கியமான நாள் அதுதான்.

7. கெலெகார் ஏற்றுவது

கட்டையைச் சுவர்க்கட்டையோடு ஆணி மட்டும் அடித்து நிறுத்தக் கூடாது. ஜாய்ஸ்ட் ஹேங்கர் என்று கேட்டால் கால்வனைஸ் தகட்டில் தொட்டில் மாதிரி கிடைக்கும். எங்கள் ஊர்க் கடையில் இல்லை, ஈப்போவில் வாங்கினேன். கட்டையின் தடிப்புக்குப் பொருந்துகிறதா என்று ஒரு துண்டு மரத்தைக் கையில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஹேங்கரில் உள்ள எல்லா ஓட்டையிலும் ஆணி வேண்டும். கெம்பாஸில் நேரே அடித்தால் ஆணி வளையும் அல்லது மரம் பிளக்கும், சின்ன பிட்டால் வழி போட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஆணியும் கால்வனைஸ் ஆணியாகவே இருக்கட்டும், மரத்தில் ஏற்றிய மருந்து சாதாரண ஆணியை அரித்துவிடும்.

கட்டையின் முனை சுவர்க்கட்டையை முட்டி நிற்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தக் கட்டையைக் கழித்துவிடுங்கள். 10 அடித் தூரத்துக்கு நடுவில் ஒரு வரிசை குறுக்குத் துண்டுகள் இறுக்கமாக அடித்தால், நடக்கும்போது தரை ஆடாது.

8. வயரும் பைப்பும்

எலெக்ட்ரீஷியன் வரும்போது வீட்டில் இருங்கள். எட்டு அங்குலக் கட்டையில் நடு உயரத்தில் இரண்டு அங்குலம் வரை ஓட்டை போடலாம், அதுவும் முனையிலிருந்து இரண்டரை அடிக்கும் நாலடிக்கும் இடையில். மேல்பக்கம் வெட்டுவதென்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடாது, அது முக்கால் அடிக்கும் இரண்டரை அடிக்கும் இடையில். கீழ்ப்பக்கம் வெட்டவே கூடாது. தண்ணீர்த் தாங்கியையோ குளியலறையையோ இந்தத் தரையில் வைக்கும் எண்ணம் பின்னால் வந்தால், மறுபடி பொறியியலாளரிடம் போங்கள்.

9. பணம் கொடுக்கும் முறை

நாள் கணக்கில் கொடுக்காதீர்கள், வேலைப் படி கணக்கில் கொடுங்கள். அஸ்திவாரம் முடிந்ததும் ஒன்று, ஆங்கர் சோதித்ததும் ஒன்று, தரைப் பலகை ஏறியதும் ஒன்று. பத்தில் ஒரு பங்கைக் கடைசிவரை கையில் வையுங்கள். நான் பலகை ஏறிய அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். பிறகு கூப்பிட்டபோது போன் எடுக்கப்படவில்லை.

குப்பைக்கான ரோரோ தோங் (லோரியில் தூக்கிப் போகும் பெரிய தொட்டி) வாடகை, பொருளை இறக்கி ஏற்றும் கூலி, நகராண்மைக் கழகத்தில் கட்டும் வைப்புத் தொகை ஆகியவை கொந்திராக்டர் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். வைப்புத் தொகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரும்பக் கேட்கும்போது அசல்தான் கேட்பார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. மரம் வந்த நாளில் ஈரமாக இருக்கும், காய்ந்ததும் சுருங்கும். அன்று இறுக்கிய நட்டு மூன்று மாதத்தில் தளர்ந்திருக்கும். இரண்டாவது முறை கட்டியபோது நானே ஏணி போட்டு ஏறி 11 நட்டையும் இறுக்கினேன், ஒவ்வொன்றும் கால் சுற்று, அரைச் சுற்று போனது. ஆனால் போல்ட் ஒன்றுகூட அசையவில்லை. கீழே குசினியின் சீலிங் போர்டை அதற்கு அப்புறம் அடியுங்கள்.